கயிறும் கட்டையும்: தீப்பெட்டி இல்லாமல் தீ மூட்டுதல்

ஒரு கயிறு, இரண்டு மரத்துண்டு, ஒரு கொட்டாங்கச்சி. இவற்றை வைத்துக்கொண்டு நீங்களும் இன்னொருவரும் சேர்ந்து தீ மூட்டுவதற்கான வழி இந்த அத்தியாயத்தில் இருக்கிறது. கடையில் வாங்க வேண்டியது எதுவும் இல்லை. அரிவாள் இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டாலும் வழி உண்டு, அதையும் சொல்கிறேன்.

மேல்நாட்டு வழிகாட்டிகள் பெரும்பாலும் வில்லை வைத்துத் தனியாளாகக் கடையும் முறையில்தான் தொடங்குகின்றன. நான் அதைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறேன். வேள்விகளில் அரணிக்கட்டை கடைவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் மேலிருந்து அழுத்திப் பிடிப்பார், இன்னொருவர் கோலைச் சுற்றிய கயிற்றை இருபுறமும் மாறி மாறி இழுப்பார். தூணில் கட்டி மத்து கடைந்ததும் இதே முறைதான். அழுத்துவதையும் இழுப்பதையும் இரண்டு பேர் பிரித்துக்கொள்வதால், முதன்முதலாகப் பழகுகிறவருக்கு இதைவிட எளிய வழி கிடையாது.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைவது சில நிமிட வேலை. அதற்கு முந்தைய ஆயத்தத்துக்கு அரைநாள் ஆகும். அந்த அரைநாளைச் சுருக்கப் பார்ப்பவர்களுக்குப் புகை வரும், தீ வராது.

எங்கே, எப்போது

உங்கள் கொல்லை, களத்துமேடு, அறுவடை முடிந்து உழுதுபோட்ட வயல் ஆகிய இடங்களில் பழகுங்கள். காட்டுக்குள் பழகாதீர்கள். காப்புக்காட்டில் தீ மூட்டுவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயங்களில் தீ வைப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கிறது. சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த மலைப்புல்லில் தீ மேட்டை நோக்கி ஏறும்போது அதை ஓடி முந்த முடியாது.

இடத்தைத் தேர்ந்ததும் இவற்றைச் செய்யுங்கள்:

1. சுற்றிலும் பத்தடிக்குச் சருகு, புல், வைக்கோல் எதுவும் இல்லாமல் வெறுந்தரை தெரியும்வரை கூட்டுங்கள்.
2. தலைக்கு மேலே பாருங்கள். காய்ந்த ஓலை தொங்கும் பனையோ தென்னையோ இருந்தால் இடத்தை மாற்றுங்கள்.
3. மரத்தடி வேண்டாம். மண்ணுக்குள் ஓடும் காய்ந்த வேரில் கங்கு பிடித்தால், நீங்கள் வீடு போய்ச் சேர்ந்த பிறகும் புகைந்துகொண்டே போகும்.
4. இரண்டு வாளித் தண்ணீரைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள். தண்ணீர் வந்த பிறகுதான் மற்ற வேலை.
5. பருத்தி உடையே உடுத்துங்கள். நைலானும் பாலியஸ்டரும் உருகித் தோலில் ஒட்டும். வேட்டியை மடித்துக் கட்டுங்கள், முந்தானையையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகுங்கள், கூந்தலை முடிந்துகொள்ளுங்கள்.

மதியம் பன்னிரண்டு முதல் மூன்று மணிவரை நல்ல நேரம். காலைப் பனியில் எல்லாமே ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பழகத் தொடங்கினால் மனம்தான் சலிக்கும். ஆடிக்காற்று வீசும் நாளில் தீயே வேண்டாம்.

முதலில் பஞ்சும் சுள்ளியும்

கட்டையைத் தேடி ஓடுவதற்கு முன், கங்கு கிடைத்தால் அதை எதில் போடுவீர்கள் என்று யோசியுங்கள். பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பாடுபட்டு எடுத்த கங்கு, பஞ்சு தேடுவதற்குள் சாம்பலாகிவிடுகிறது.

நம் ஊரில் இதற்குப் பஞ்சமில்லை. தென்னை மட்டையின் அடியில் வலைபோல் சுற்றியிருக்கும் பன்னாடையை எடுத்து, உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்து மென்மையாக்குங்கள். இதுவே என் முதல் தேர்வு. வாழைச் சருகு, கரும்புச் சோகை, காய்ந்த கோரை, தர்ப்பை எல்லாம் நன்றாகப் பற்றும். இலவம்பஞ்சு சட்டென்று எரிந்து தீர்ந்துவிடும் என்பதால் நடுவில் ஒரு சிட்டிகை போதும். மலைப்பகுதியில் கூந்தல்பனை கிடைத்தால் அதன் மட்டையடியில் இருக்கும் பழுப்புப் பஞ்சைச் சுரண்டி எடுங்கள். பொறி விழுந்தாலே பிடிக்கும் பஞ்சு அது.

தேங்காய் நாரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது கங்கை அருமையாகப் பிடித்து வைக்கும், ஆனால் தனியே சுவாலை விடாது. பெட்டிக்கடைகளில் பீடி பற்றவைக்கத் தொங்கவிட்ட கயிறு நாள் முழுக்கப் புகைந்ததற்கு இதுதான் காரணம். ஆகவே பாதி நார், பாதி காய்ந்த புல் என்று கலந்துகொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் இரு கையளவு சேர்த்து, நடுவில் குழி வைத்து வெயிலில் காயப்போடுங்கள். பக்கத்தில் மூன்று குவியல் தயாராக இருக்கட்டும்: ஈர்க்குப் பருமனில் ஒன்று, விரல் பருமனில் சுள்ளி, மணிக்கட்டுப் பருமனில் விறகு. ஈர்க்குப் பருமனில் நீங்கள் நினைப்பதைப் போல இரண்டு மடங்கு தேவைப்படும். சுள்ளி ‘படக்’ என்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள்.

எந்தக் கட்டை

விறகுக்கு நல்ல மரம் கடைய ஆகாது. கருவேலமும் புளியும் சவுக்கும் அடுப்புக்கு அருமையானவை, ஆனால் கடைந்தால் வழவழப்பாகிக் கீச்சிடும். நமக்கு வேண்டியது இலேசான, பாலில்லாத, மரத்திலேயே நின்று காய்ந்த கிளை. தரையில் கிடந்தது ஈரத்தை உறிஞ்சியிருக்கும்.

சோதனை எளியது. கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். தடம் விழ வேண்டும், ஆனால் நார் நசுங்கிப் பொடியாகக் கூடாது. கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கக் கூடாது. கல்யாணமுருங்கை, இலவம், அகத்தி, பூவரசின் இளங்கிளை ஆகியவற்றில் தொடங்குங்கள். பூவரசின் உறவான நீர்ப்பருத்திக் கட்டையை உரசித்தான் பசிபிக் தீவுகளின் மக்கள் தீ எடுத்தார்கள். வேள்வி அரணிக்கு வன்னியோடு சேர்ந்து வளர்ந்த அரசமரத்தை எடுப்பது வழக்கம். ஊருக்கு ஊர் மரம் மாறும், நகச்சோதனை மாறாது.

தொடக் கூடாதவையும் உண்டு. அரளி, எட்டி இரண்டும் நஞ்சு. அவற்றை எரிக்கவோ, குச்சியாகச் சீவி உணவைக் குத்திச் சுடவோ கூடாது. சேங்கொட்டை மரத்தின் பால் தோலைக் கொப்புளிக்க வைக்கும், புகையும் ஆகாது. கடலோரத் தில்லை மரத்தின் பாலும் கள்ளிப் பாலும் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. எருக்கின் காய்ந்த தண்டைப் பயன்படுத்தலாம். பச்சைத் தண்டை ஒடித்துவிட்டு அதே கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள்.

தேவையான துண்டுகள் மூன்று:

1. அடிப்பலகை: முழ நீளம், மூன்று விரல் அகலம், சுண்டுவிரல் பருமன். கிளையை நடுவில் பிளந்தால் ஒரு பக்கம் தட்டையாகக் கிடைக்கும்.
2. கடைகோல்: ஒன்றரைச் சாண் நீளம், கட்டைவிரல் பருமன், கோணல் இல்லாதது. மேல்நுனி கூர், கீழ்நுனி மொண்ணை.
3. மேல்கட்டை: கையில் அடங்கும் கடினமான எதுவும். நடுவில் குழி விழுந்த கூழாங்கல் கிடைத்தால் மிக நல்லது. இல்லையென்றால் ஒரு கட்டையில் பள்ளம் குடைந்து, அதில் கொட்டாங்கச்சித் துண்டின் உட்புறம் கீழ்நோக்கி இருக்கும்படி பதியுங்கள்.

மேல்குழியில் மட்டும் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுங்கள். அங்கே உராய்வு வேண்டாம், கீழேதான் வேண்டும். எண்ணெய் பட்ட நுனியைத் தவறிக்கூடக் கீழே வைக்காதீர்கள். குழப்பம் வராமலிருக்க மேல்நுனிப் பக்கம் ஒரு கீறல் போட்டுக்கொள்ளுங்கள்.

கத்தி இல்லையென்றால்

1863இல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் பூட் கண்டெடுத்த கற்கருவி, உடைத்துச் செதுக்கிய கல்தான். அதே வேலைக்கு வெங்கச்சாங்கல் உதவும். ஒன்றைத் தரையில் பாறைமேல் வைத்து, இன்னொரு கல்லால் ஓரத்தில் ஓங்கி அடித்தால் கூரிய சில்லுகள் தெறிக்கும். கண்ணாடி அணியாமல் இதைச் செய்யாதீர்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். சில்லின் ஒரு பக்கத்தைத் துணியால் சுற்றினால் கைக்கு அடக்கமாகும். பிளப்பதற்கும் பள்ளம் வெட்டுவதற்கும் அது போதும். கோலின் முனையைச் சீவ வேண்டியதே இல்லை, சொரசொரப்பான பாறையில் தேய்த்தே கூராக்கலாம்.

கயிறு திரித்தல்

முதல் முறைக்கு வீட்டிலிருக்கும் தேங்காய்நார்க் கயிறே போதும். பழகிய பிறகு நீங்களே திரியுங்கள். வேலியோரம் நிற்கும் ஆனைக்கற்றாழையில், ரயில் கற்றாழை என்றும் சொல்வார்கள், நீளமும் வலுவும் உள்ள நார் கிடைக்கும்.

1. அடியிலுள்ள முதிர்ந்த மடலை வெட்டி, நுனி முள்ளை உடனே நறுக்கி எறியுங்கள். சாறு தோலில் அரிக்கும் என்பதால் கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.
2. கட்டைமேல் வைத்துத் தடியால் தட்டி நசுக்குங்கள். குத்த வேண்டாம், நார் அறுந்துவிடும்.
3. மழுங்கிய விளிம்பால் சதையை வழித்துத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள்.
4. இலேசாக நனைத்து, ஒரு கொத்தை மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் மடியுங்கள். நடுவில் மடித்தால் இரண்டு புரியும் ஒரே இடத்தில் தீரும், ஒட்டு போட்ட இடம் அறுந்துபோகும்.
5. உங்களுக்கு அப்பாலிருக்கும் புரியை வெளிப்பக்கமாக முறுக்கி, மற்றதன் மேலாக உங்களை நோக்கிக் கொண்டுவாருங்கள். இப்போது அப்பால் போன புரிக்கும் அதையே செய்யுங்கள். முறுக்கு ஒரு திசை, சுற்று எதிர்த்திசை. அதனால்தான் கையை விட்டாலும் கயிறு பிரிவதில்லை.
6. ஒரு புரி மெலிந்ததும் நான்கு விரல் நீளம் மேலே ஏற்றிப் புதிய நாரைச் சேர்த்து முறுக்குங்கள்.

கடைவதற்கு ஆறடி நீளம், சுண்டுவிரலில் பாதிப் பருமன் வேண்டும். இரு முனையிலும் சிறு குச்சி கட்டினால் கை காயப்படாமல் இழுக்கலாம்.

கடைதல்

முதலில் குழி எரித்தல், பிறகு பள்ளம் வெட்டுதல், அதற்குப் பிறகே கங்குக்காகக் கடைதல். பள்ளத்தை முதலிலேயே வெட்டிவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. கோல் இடம் பிடிக்காமல் வழுக்கி ஓடும்.

1. பலகையின் ஓரத்திலிருந்து விரலளவு உள்ளே, கோலின் நுனி நிற்க ஒரு சிறு குழி குடையுங்கள்.
2. அழுத்துபவர் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மறுபாதத்தால் பலகையைக் குழிக்கு அருகே மிதிக்க வேண்டும். மேல்கட்டையைப் பிடித்த கையின் மணிக்கட்டை அந்தக் கணைக்காலோடு ஒட்டி வைக்க வேண்டும். கோல் செங்குத்தாக நிற்பது இதைப் பொறுத்ததே.
3. இழுப்பவர் எதிரே உட்கார்ந்து, கயிற்றைக் கோலின் நடுவில் மூன்று சுற்று சுற்றி, தரைக்கு இணையாக இடமும் வலமும் இழுக்க வேண்டும். கயிறு கோலில் ஏறினாலோ இறங்கினாலோ கையின் உயரத்தைச் சரிசெய்யுங்கள்.
4. புகை வந்து, கோலின் அகலத்துக்குக் கறுப்பு வட்டம் விழுந்ததும் நிறுத்துங்கள்.
5. பலகையின் ஓரத்திலிருந்து அந்த வட்டத்தின் மையத்தைத் தொட்டும் தொடாமலும் ஒரு முக்கோணப் பள்ளம் வெட்டுங்கள். வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு அகலம் போதும். அதிகமானால் தூள் குவியாமல் சிதறும்.
6. பள்ளத்தின் அடியில் உலர்ந்த பாளைத் துண்டையோ பனையோலைத் துண்டையோ வையுங்கள்.
7. மெதுவாக, இலேசான அழுத்தத்தில் கடைந்து பள்ளத்தைத் தூளால் நிரப்புங்கள். வேகம் இப்போது வேண்டாம்.
8. பள்ளம் நிரம்பியதும் வேகத்தையும் அழுத்தத்தையும் சேர்த்துக் கூட்டுங்கள். அடர்ந்த புகை எழுந்த பிறகும் முப்பது இழுப்பு விடாமல் இழுங்கள். பெரும்பாலோர் கைவிடும் இடம் இதுதான். மூச்சு வாங்கும், தோள் எரியும். தேவைப்பட்டால் தொடங்கும் முன்பே மூன்றாவது ஆளை நிறுத்திவைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.
9. நிறுத்தியதும் கோலை வெடுக்கென்று எடுக்காதீர்கள். அசையாமல் பாருங்கள். கோலில் புகை நின்ற பிறகும், தூள் குவியலிலிருந்து மட்டும் மெல்லிய புகை தொடர்ந்தால் உள்ளே கங்கு பிறந்துவிட்டது.

கடைந்த உடனே கோலின் நுனியையும் குழியையும் விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். கொப்புளம் நிச்சயம்.

தூளைப் படியுங்கள்

கங்கு வராதபோது தூளின் நிறத்தைப் பாருங்கள். என்ன குறை என்பதை அது நேரே காட்டிக்கொடுக்கும்.

வெளிர்பழுப்பில் பஞ்சுபோல் இருந்தால் அழுத்தமும் வேகமும் போதவில்லை. கரகரப்பாக, சுருள்சுருளாக வந்தால் அழுத்தம் அதிகம், வேகம் குறைவு. அல்லது கட்டையில் ஈரம் இருக்கிறது. கரும்பழுப்பிலிருந்து கறுப்புக்குள், மாவாக இருப்பதே சரியான தூள்.

தூளே வராமல் குழி கண்ணாடிபோல் மினுங்கிக் கீச்சென்று சத்தம் வந்தால், குழியைச் சுரண்டிவிட்டு ஒரு சிட்டிகை உலர்மணல் போட்டுக் கடையுங்கள். மேல்கட்டையிலிருந்து புகை வந்தால் அங்கே எண்ணெய் தீர்ந்துவிட்டது. கோல் அடிக்கடி தெறித்து விழுந்தால் மணிக்கட்டு கணைக்காலை விட்டு விலகியிருக்கும்.

கங்கிலிருந்து சுவாலை

அவசரப்படாதீர்கள். ஒரு நிமிடம்வரை காத்திருக்கலாம், கங்கு அதற்குள் வளரும். கையால் இலேசாக விசிறுங்கள். புளியங்கொட்டை அளவுக்குச் சிவந்ததும், பலகையை மெல்லத் தூக்கி, ஓலைத்துண்டோடு கங்கைப் பஞ்சின் குழிக்குள் சரியுங்கள். பஞ்சைச் சுற்றிலும் மூடுங்கள், ஆனால் நசுக்காதீர்கள்.

பஞ்சை முகத்துக்குச் சற்று மேலே பிடித்து, காற்றுக்கு முதுகு காட்டி நின்று, நீளமாக மெதுவாக ஊதுங்கள். புகை கெட்டியாகி மஞ்சளாகும்போது சுவாலை அருகில் இருக்கிறது. முகத்தை விலக்குங்கள், அது ஒரே நொடியில் எழும். உடனே ஈர்க்குக் குவியலுக்கு அடியில் வையுங்கள். விரல் பருமனுக்குப் போகும் முன் ஈர்க்குகள் நன்றாகப் பிடிக்கட்டும்.

மூன்று கல் அடுப்பு கூட்டினால் கற்களை மேட்டிலிருந்து எடுங்கள். ஆற்றிலும் குளத்திலும் ஊறிய கல், உள்ளே நீராவி சேர்ந்து வெடித்துச் சிதறும். கணு மூடிய மூங்கிலும் அப்படியே. பிளக்காமல் தீயில் போடாதீர்கள்.

தனியாளாகக் கடைய

முழுக்கை நீளமுள்ள, இலேசாக வளைந்த, விரைப்பான கிளையின் இரு முனையிலும் கயிற்றைக் கட்டுங்கள். கோலை ஒரே சுற்றில் மாட்ட முடிகிற அளவுக்குக் கயிறு தொய்வாக இருக்க வேண்டும். கோலின் நீளம் ஒரு சாணாகக் குறையட்டும். மற்ற எல்லாம் மேலே சொன்னவையே. வில்லின் முழு நீளத்தையும் பயன்படுத்தி இழுங்கள். குறுக்கிக் குறுக்கி இழுத்தால் களைப்புதான் மிஞ்சும்.

வெறும் உள்ளங்கைகளால் உருட்டிக் கடையும் முறையும் உண்டு. கை காய்த்துப்போகும்வரை அதைத் தள்ளிவையுங்கள்.

சிக்கிமுக்கி

வெங்கச்சாங்கல்லின் கூர்விளிம்பில் பழைய அரத்தின் முதுகைச் சரித்து அடித்தால் பொறி பறக்கும். பொறி இரும்பிலிருந்து வருகிறது. எவர்சில்வரில் வராது. பொறி விழக் கருக்கிய துணி வேண்டும். பழைய பருத்தி வேட்டித் துண்டுகளைத் தகர டப்பாவில் போட்டு மூடி, மூடியில் ஆணித்துளை ஒன்று இட்டுக் கங்கில் வையுங்கள். துளையில் புகை நின்றதும் எடுத்து, முழுதும் ஆறிய பிறகே திறங்கள். சூட்டோடு திறந்தால் எல்லாம் சாம்பலாகிவிடும்.

அணைத்தல்

தீ மூட்டத் தெரிந்தவர் என்று நான் ஒருவரை ஒப்புக்கொள்வது, அவர் அணைக்கும் விதத்தைப் பார்த்த பிறகுதான். மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போவது அணைப்பது ஆகாது. நீறு பூத்த கங்கு மண்ணுக்கடியில் மறுநாள்வரை கிடக்கும். அதன்மேல் முதலில் கால் வைப்பது பெரும்பாலும் செருப்பில்லாத ஒரு பிள்ளையாக இருக்கும்.

1. விறகுகளைப் பிரித்துத் தனித்தனியாகப் போடுங்கள்.
2. தண்ணீரை மெல்லத் தெளியுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் நீராவியும் சாம்பலும் முகத்தில் அடிக்கும்.
3. குச்சியால் அடிவரை கிளறுங்கள். மறுபடி ஊற்றுங்கள்.
4. புறங்கையைச் சாம்பலுக்கு மேலே நெருக்கமாகப் பிடியுங்கள். வெதுவெதுப்பு தெரிந்தால் மூன்றாவது படி மீண்டும்.

தீக்காயம் பட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். மோதிரம், வளையல், காப்பு எதுவாக இருந்தாலும் வீங்குமுன் கழற்றுங்கள். பேஸ்ட், மை, இட்லி மாவு, வெண்ணெய், ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். முகம், மூட்டு, உள்ளங்கையில் பட்டிருந்தாலோ, காயம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ மருத்துவமனைக்குப் போங்கள், அவசரமென்றால் 108. தீ கைமீறினால் பத்தடி வட்டத்தைத் தாண்டுவதற்குள் 101ஐ அழையுங்கள்.

கட்டையை வைத்துக்கொள்ளுதல்

ஒருமுறை கங்கு கொடுத்த குழி மறுமுறை இன்னும் எளிதாகக் கொடுக்கும், அதன் கருகிய ஓரமே அதற்குக் காரணம். பலகையையும் கோலையும் துணியில் சுற்றி, அடுப்புக்கு மேலுள்ள பரணிலோ வெயில் படும் மாடத்திலோ வையுங்கள். குழி பலகையின் அடிவரை போய்விட்டால் அதே பலகையில் இரண்டு விரல் தள்ளிப் புதுக்குழி தொடங்குங்கள். கோல் ஒரு சாணுக்குக் கீழே தேய்ந்ததும் மாற்றுங்கள், அதற்குமேல் கயிறு சுற்ற இடம் இருக்காது.